ஆப்பிரிக்காவுக்கு மருத்துவ ஊழியமா? காசையும் காகிதத்தையும் முதலில் பேசிவிடுங்கள்

உகாண்டாவின் வடகிழக்கு மூலையில், கென்ய எல்லையை ஒட்டி, கரமோஜா என்று ஒரு வறண்ட பகுதி இருக்கிறது. அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தேன். போகும்போது பேங்கில் சுமார் நாலரை லட்சம் ரூபாய் சேமிப்பு இருந்தது, வரும்போது இல்லை. இங்கே பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையும் போய்விட்டது. கிளம்புவதற்கு முன்னால் எத்தனையோ பேர் என் தலைமேல் கைவைத்து ஜெபித்தார்கள், ஆனால் "உன் வொர்க் பர்மிட்டுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இப்போது எங்கள் பக்கத்திலிருந்து சில பிள்ளைகள் இதே மாதிரி கிளம்பப் போவதாகக் கேள்விப்பட்டேன். போகாதே என்று சொல்ல வரவில்லை. எனக்கு யாரும் சொல்லாததை உங்களுக்குச் சொல்லிவிடலாம் என்றுதான்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. நெய்யூர் ஆஸ்பத்திரி 1838-இல் லண்டன் மிஷன்காரர்கள் தொடங்கியது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் அங்கே வந்து வருஷக்கணக்காக ஆபரேஷன் செய்த கதையைச் சொல்லாத பெரியவர்கள் எங்கள் பக்கம் கிடையாது. யாரோ எங்கேயோ இருந்து நமக்காக வந்தார்கள், நாமும் ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்கிற நினைப்பு நர்சிங் படிக்கும்போதே இருந்தது. என்னை அனுப்பியது ஒரு சின்ன ஜெபக்குழு, பெயர் வேண்டாம். மாதம் 25,000 ரூபாய் தாங்குகிறோம், டிக்கெட் எங்கள் பொறுப்பு, மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். எல்லாம் வாய்ப்பேச்சுதான். இப்படிப்பட்ட கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை எழுந்து "இதை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால் எப்படிப் பார்ப்பார்கள் என்று சபையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். விசுவாசம் குறைந்தவள் என்று பெயர் வந்துவிடும். அந்தப் பெயர் வந்தாலும் பரவாயில்லை, கேளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயமே.

முதல் அடி உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் விழுந்தது. சுற்றுலா விசாவில் இறங்கி, போனதும் வேலையில் சேர்ந்துவிடலாம் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அப்படி முடியாது. சம்பளம் இல்லாத ஊழியமாக இருந்தாலும் அது வேலைதான், பர்மிட் வேண்டும். அதற்கு முன்னால் அந்நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிய வேண்டும். பதிவுக்கு நம் ஊர் கவுன்சிலில் இருந்து, இவள் மேல் புகார் எதுவும் இல்லை என்று சொல்கிற 'குட் ஸ்டாண்டிங்' சர்டிபிகேட் வேண்டும், அதுவும் நான் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆகாது, கவுன்சிலில் இருந்து கவுன்சிலுக்கு நேராகப் போக வேண்டும். நான் கம்பாலாவில் உட்கார்ந்துகொண்டு, சென்னையில் அலைந்து முடிக்கச் சொல்லி அண்ணனைக் கெஞ்ச வேண்டியதாயிற்று. பாவம், அவன் இரண்டு முறை லீவு போட்டு ரயிலேறினான். இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சும்மா இருந்தேன். நாளுக்குச் சாப்பாட்டோடு இரண்டாயிரம் ரூபாய்க்குக் குறையவில்லை. பதிவுக் கட்டணம், பர்மிட் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ் எல்லாம் என் கைக்காசு. வேலை தொடங்குமுன்பே கிட்டத்தட்ட இரண்டு லட்சம் போய்விட்டது.

ஆகவே இங்கே இருக்கும்போதே முடிக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். போகப்போகும் ஆஸ்பத்திரியின் நிர்வாகிக்கு நீங்களே நேராக எழுதுங்கள், அனுப்பும் குழு வழியாக மட்டும் பேச வேண்டாம். என்னென்ன தாள் வேண்டும், யார் கட்டணம் கட்டுவார்கள், பதிவு முடிய வழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்று கேளுங்கள். நான் கடைசியில் பேசியபோது அந்த ஆஸ்பத்திரிக்காரர்களே "இவள் பேப்பர் எல்லாம் முடிந்துதான் வருகிறாள் என்றல்லவா நினைத்தோம்" என்றார்கள். சான்றிதழ்களுக்கு முத்திரை வாங்குவதிலும் கவனம் வேண்டும். ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடு என்றால் நம் வெளியுறவு அமைச்சகம் போடும் அப்போஸ்டில் என்கிற முத்திரை போதும், இல்லாத நாடு என்றால் அந்நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடலாம். போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லும், கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். திரும்பி வரும்போதும் அதைக் கேட்பார்கள். இல்லையென்றால் நம் ஊர் ஏர்போர்ட்டிலேயே ஆறு நாள்வரை தனியே வைத்துவிடுவார்கள்.

கம்பாலாவிலிருந்து ம்பாலே, சொரோட்டி வழியாக, கரமோஜாவில் இருக்கிற மொரோட்டோ ஊருக்கு பஸ்ஸில் ஒரு முழுப் பகல். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வண்டி. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மழையில் எப்படி இருக்குமோ அப்படித்தான் அங்கே மண். மழைக்காலத்தில் வண்டி புதைந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், வண்டியிலேயே தூங்க வேண்டும். மக்கள் மாடு மேய்ப்பவர்கள், சோளம் விதைப்பவர்கள். மழை பொய்த்தால் சோளமும் இல்லை, பாலும் இல்லை. மாட்டைக் கொள்ளையடிக்கிற சண்டை பழைய வழக்கம், துப்பாக்கி வந்தபிறகு அது வேறு மாதிரி ஆகிவிட்டது. 2001-லும் 2006-லும் அரசாங்கம் ஆயுதங்களைப் பிடுங்கியது. 2019-க்கு அப்புறம் மாட்டுக் கொள்ளை மறுபடி தொடங்கிவிட்டது. ராத்திரியில் குண்டடி பட்டவர்கள் வருவார்கள். பயந்தேன், மறைக்கவில்லை. ஆனால் இந்தப் பயம் கொஞ்ச நாளில் பழகிவிட்டது. பணம் எப்போது வரும் என்கிற பயம்தான் கடைசிவரை பழகவில்லை.

வேலையைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். என்னைப் போட்டது சத்துக்குறைவுக் குழந்தைகள் வார்டில். மேற்கையின் சுற்றளவை அளக்கிற நாடாவில் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே, ஆபத்தைக் காட்டும் சிவப்பில் நிற்கிற குழந்தைகள். சிலதுக்கு கால் வீங்கியிருக்கும், வீக்கத்தைப் பார்த்து உடம்பு தேறிவிட்டது என்று தாயே நினைத்துக்கொள்வாள். பசித்த குழந்தையைப் பார்த்தால் நமக்குக் கை பரபரக்கும், வயிறு நிறையக் கொடுக்கலாம், டிரிப் போடலாம் என்று. அப்படிச் செய்தால் அந்த இதயம் தாங்காது. முதலில் எஃப்-75 என்கிற பாலை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, அளந்து, கொஞ்சமாக. ரத்த ஓட்டம் சரிந்து 'ஷாக்' நிலைக்குப் போனால் தவிர டிரிப் கிடையாது. உடம்பு சில்லிடாமல் தாயின் மார்போடு ஒட்டிக் கட்ட வேண்டும். பசி திரும்பின பிறகுதான் அதைவிடச் சத்து கூடின எஃப்-100 பால், நிலக்கடலைப் பசை பாக்கெட் எல்லாம். இதை இங்கே பெரிய ஆஸ்பத்திரி ஐசியூவில் வேலை பார்த்த எனக்கு அங்கே சர்டிபிகேட் நர்ஸ் ஒருவர், என்னைவிட எட்டு வயது சின்னப் பெண், கூட நின்று சொல்லிக்கொடுத்தாள். போகிறவர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் தீவிரச் சத்துக்குறைவு வழிமுறையையும் மலேரியா வழிமுறையையும் போனில் இறக்கி, ஒருமுறையாவது வாசித்துவிட்டுப் போங்கள். கடுமையான மலேரியாவுக்குப் போடும் ஆர்டிசுனேட் ஊசி 20 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2.4. நம் வார்டுகளில் இதை அதிகம் பார்த்திருக்க மாட்டோம், அங்கே அதுதான் தினசரி.

பிரசவ வார்டில் மூத்த மிட்வைஃப் ஒருவர் இருந்தார், நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். அந்தப் பெண்களுக்குக் குந்தி உட்கார்ந்து பெற்றுத்தான் வழக்கம், மேஜையில் மல்லாந்து படுக்கச் சொன்னால் அடுத்த பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார்கள். அவர் தரையில் ஒரு மெத்தையைப் போட்டு, தானும் முட்டி போட்டு உட்கார்ந்துகொள்வார். அவருடைய முட்டியைப் பார்த்தால் எனக்கு வலிக்கும். ராத்திரி டியூட்டியில் அவர் வடக்கு உகாண்டாவில் குலு பக்கத்து லாச்சோர் ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்வார். 2000-இல் எபோலா வந்தபோது அங்கே டாக்டர் மேத்யூ லுக்வியாவும் அவரோடு இருந்த நர்ஸுகள் பலரும் நோயாளிகளை விட்டு ஓடாமல் நின்று, அதிலேயே இறந்துபோனார்கள். அவர்கள் எல்லாரும் அந்த மண்ணின் பிள்ளைகள். நம் சபைகளில் மிஷனெரி என்றால் வெளியிலிருந்து வருகிறவர் மட்டும்தான் என்று ஒரு எண்ணம் இருக்கிறதே, அது அங்கே ஒரு வாரத்தில் கரைந்துவிடும். நாம் போய்க் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்போடு போனால் அவர்களுக்கும் தொல்லை, நமக்கும் தொல்லை. ஏற்கனவே ஆள் இருக்கிறது, நாம் ஒரு கூடுதல் கை, அவ்வளவுதான்.

சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலேரியாவில் ரத்தம் வற்றி, ஹீமோகுளோபின் 3-க்கு வந்த குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்றினால் பல நேரம் சாயங்காலமே எழுந்து உட்கார்ந்துவிடும். ரத்தம் இருந்தால். உகாண்டாவில் ரத்ததானம் பெரும்பாலும் பள்ளி மாணவர்களிடமிருந்து வருவது, பள்ளி லீவு விட்டால் இருப்பு வற்றிவிடும். அப்படி ஒரு லீவு சமயத்தில் மூச்சிரைப்போடு வந்த ஒரு மூன்று வயதுப் பிள்ளை என் கையிலேயே போனது. தாய் அழவில்லை, பிள்ளையை முதுகுத் துணியில் கட்டிக்கொண்டு நடந்தே கிளம்பிவிட்டாள். நான் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதன்பிறகு நிறைய நாள் ஜெபிக்கவே வரவில்லை, வாயைத் திறந்தால் கோபம்தான் வந்தது. இதை வீட்டுக்குச் சொன்னால் உடனே திரும்பி வா என்பார்கள், குழுவிடம் சொன்னால் விசுவாசத்தில் நில் என்பார்கள். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததுதான் பிற்பாடு என்னைப் படுத்தியது. கிளம்புமுன்பே ஒரு ஆளைப் பிடித்து வையுங்கள். உங்களை அனுப்புகிற குழுவைச் சேராதவராக, முடிந்தால் இந்த மாதிரி வேலை செய்து வந்தவராக. வாரம் ஒரு தடவை அவரிடம் எதையும் சொல்லலாம், அவர் புத்தி சொல்லக் கூடாது, அவ்வளவுதான் ஒப்பந்தம்.

பணம் நின்ற கதை இப்படி. குழுவிலிருந்து மாதா மாதம் ஜெபக் கடிதத்துக்குப் படம் கேட்டார்கள். சத்துக்குறைவுப் பிள்ளைகள் வந்தபோது எப்படி, தேறினபின் எப்படி என்று இரண்டு படம் போட்டால் ஜனங்களுக்கு மனசில் பாரம் வரும், காணிக்கையும் வரும் என்றார்கள். துணிகூட இல்லாமல் எலும்பாகக் கிடக்கிற பிள்ளையை எடுத்து அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, ஆஸ்பத்திரி விதியும் விடவில்லை. நம் வீட்டுப் பிள்ளை அரசு ஆஸ்பத்திரியில் அப்படிக் கிடக்கும்போது யாராவது வெளிநாட்டுக்காரர் படம் எடுத்தால் விடுவோமா என்று கேட்டு எழுதினேன். நேரடியாகப் பதில் வரவில்லை. அதற்கடுத்த மாதம் 25,000 என்பது 15,000 ஆனது, அப்புறம் விட்டு விட்டு வந்தது, அப்புறம் நின்றேவிட்டது. சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. போன் செய்தால் ஜெபித்துக்கொண்டிருக்கிறோம் சிஸ்டர் என்பார்கள். கூடவே ஒரு பெட்டி மருந்து அனுப்பப் போவதாகவும் சொன்னார்கள், டாக்டர்களிடமிருந்து சேர்த்த சாம்பிள் மாத்திரைகள். வேண்டாம் என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். நன்கொடை மருந்து வந்துசேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது காலாவதிக்கு மிச்சம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். பெட்டியைக் கஸ்டம்ஸில் இருந்து எடுக்கவே ஆஸ்பத்திரி செலவழிக்க வேண்டும். உகாண்டாவில் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 1979-இல் தொடங்கிய ஜாயின்ட் மெடிக்கல் ஸ்டோர் என்கிற மருந்துக் கிடங்கு இருக்கிறது, மிஷன் ஆஸ்பத்திரிகள் அங்கேதான் வாங்குகின்றன. உதவ நினைக்கிறவர்கள் அந்த ஆஸ்பத்திரிக்கு அங்கே எதற்குப் பணம் வேண்டும் என்று கேட்டுவிட்டு உதவினால் போதும்.

பணம் அனுப்புவதிலேயே ஒரு சிக்கல் உண்டு, இது பல குழுக்களுக்கே தெரியாது. இங்கே பதிவு செய்த டிரஸ்ட் தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவழித்தால் அந்தத் தொகைக்குச் சாதாரணமாக வருமான வரி விலக்கு கிடைக்காது, தனி அனுமதி வேண்டும். அதனால் பெரும்பாலும் உங்கள் இந்தியக் கணக்கில் போட்டுவிட்டு, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். டெபிட் கார்டில் அங்கே ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டணம், மாற்று விகிதத்தில் இன்னொரு வெட்டு. பத்தாயிரம் எடுத்தால் ஐநூறு, அறுநூறு போய்விடும். வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குக் குறைந்த கட்டணம் உள்ள கார்டாகப் பார்த்து இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், வெவ்வேறு பேங்கில். ஓடிபி வருகிற இந்திய நம்பருக்கு ரோமிங் போட்டு உயிரோடு வைத்திருங்கள், அது செத்தால் உங்கள் பணமும் பூட்டிக்கிடக்கும். அங்கே எல்லாம் போன் நம்பரிலேயே பணம் போட்டு எடுக்கிற மொபைல் மணிதான், எம்டிஎன் அல்லது ஏர்டெல், பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கிவிடலாம். கிராமத்தில் முட்டை வாங்கக்கூட அது ஓடும்.

இன்ஷூரன்ஸ். என்னிடம் இருந்தது சாதாரண டிராவல் பாலிசி. உள்ளே சின்ன எழுத்தில், கலவரப் பகுதி கிடையாது, வேலைக்காகப் போனால் கிடையாது என்று இருந்தது. கரமோஜாவில் இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போக வேண்டுமென்றால் மழைக்காலத்தில் சின்ன விமானம்தான் வழி, மிஷன் ஊழியத்துக்காகச் சின்ன விமானம் ஓட்டுகிற மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப்பின் விமானங்கள் கம்பாலா பக்கத்துக் கஜ்ஜான்சியில் இருந்து வருகின்றன. தனியாக ஒரு விமானத்தை அமர்த்தினால் நம் சேமிப்பெல்லாம் ஒரே பறப்பில் போய்விடும். நைரோபியில் உள்ள ஆம்ரெஃப் ஃபிளையிங் டாக்டர்ஸ் 1957-இல் இருந்து இயங்குகிறது, ஆண்டுச் சந்தா கட்டினால் கிழக்கு ஆப்பிரிக்காவில் அவசர விமானம் வரும். கூட இருந்த இத்தாலிய டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எனக்குத் தேவைப்படவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம், ஆனால் ஸ்தோத்திரத்தோடு சந்தாவையும் கட்டிவிடுங்கள்.

நான் கடைசியில் சீக்காளி ஆனது இங்கே வந்துதான். பணம் தீர்ந்து, அண்ணன் டிக்கெட் போட்டு அழைத்தான். மலேரியா வராமல் தடுக்கிற டாக்ஸிசைக்ளின் மாத்திரையை, வந்த பிறகும் நாலு வாரம் சாப்பிட வேண்டும் என்பதால் ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தேன். அப்படியும் காய்ச்சல் வந்தது, எந்த மாத்திரையும் முழுக் கவசம் கிடையாது. பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் குறைந்திருப்பதைப் பார்த்து டெங்கு என்று படுக்கவைத்தார்கள். டெங்கு டெஸ்ட் நெகட்டிவ். ஆப்பிரிக்காவில் இருந்து வந்தேன், மலேரியா பாருங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, இப்போது நம்ம ஊரில் மலேரியா எங்கேம்மா இருக்கிறது என்றார்கள். மூன்றாம் நாள் குளறிப் பேசத் தொடங்கிய பிறகு என் தோழி, அவளும் நர்ஸ்தான், சத்தம் போட்டு, ரத்தத் துளியை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற ஸ்மியர் எடுக்க வைத்தாள். ஃபால்சிபாரம், மலேரியாவிலேயே ஆபத்தான வகை. மருந்து வேறு ஊரில் இருந்து வர வேண்டியிருந்தது. பில் எழுபதாயிரத்துக்குப் பக்கம். திரும்பி வந்து சில மாதங்களுக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே மலேரியா ஸ்மியரோ ரேபிட் டெஸ்டோ எடுங்கள். நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்பதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள், உங்களால் பேச முடியாதபோது வீட்டார் அதைக் காட்டுவார்கள்.

தேறியபின் சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடம், சந்தோஷமான காரியங்களாகச் சொல்லுங்கள் சிஸ்டர் என்றார் போதகர் ஐயர். தேறிப்போன பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன், பொய் இல்லை, நிறையப் பிள்ளைகள் தேறினார்கள், தாய்மார் வருஷம் கழித்துத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். மற்றதைச் சொல்ல அந்தப் பத்து நிமிடத்தில் இடம் இல்லை. மறுபடி போவாயா என்று கேட்கிறார்கள். போவேன், ஆனால் ஆஸ்பத்திரி நேராக அழைத்து, பர்மிட் கையில் வந்து, திரும்பி வரும் டிக்கெட் காசும் மூன்று மாத வீட்டுச் செலவும் யாரும் தொட முடியாத கணக்கில் கிடந்தால்தான். அனுப்பும் குழுவிடம் நீங்களும் ஒரு கடிதம் வாங்குங்கள். மாதம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு, பர்மிட், பதிவு, இன்ஷூரன்ஸ் யார் பொறுப்பு, பணம் நின்றால் எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும், நோயாளிகளின் படத்தைக் கேட்கமாட்டோம் என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். கீழே இரண்டு பேர் கையெழுத்து. தயங்கினால் அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். உகாண்டாவில் கரண்ட் நம்முடையது மாதிரிதான், ஆனால் பிளக் பிரிட்டிஷ் சதுர முனை, அடாப்டர் வேண்டும். தலையில் மாட்டும் டார்ச் இரண்டு. கொசுவலை அங்கேயே கிடைக்கும். செருப்பு தடித்த அடியோடு வேண்டும், முள் அப்படி. சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி கொண்டுபோங்கள். புளி வேண்டாம். வீட்டில் அம்மா எனக்கு இரண்டு கிலோ கட்டிக்கொடுத்தாள், அங்கே போனால் ஆஸ்பத்திரி வாசலிலேயே புளியமரம்.